டிஸ்ப்ளே நல்லாத்தான் கீது, லைட்டுதான் போச்சு

லேப்டாப் ரிப்பேர் தொழிலில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டியது டார்ச் லைட்.

திரை கறுப்பாகிவிட்டது என்று யாராவது கொண்டுவந்து வைத்தால், நான் முதலில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து அடித்துப் பார்ப்பேன். உள்ளே நிழல் மாதிரி எழுத்தோ படமோ தெரிந்தால் திரை உயிரோடுதான் இருக்கிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் அணைந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடிக்குப் பின்னால் கீழ் ஓரத்தில், காது குடையும் குச்சியைவிட மெல்லிசாக, எல்இடி பட்டி ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சத்தில்தான் நாம் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கரண்ட் பில் வரைக்கும் எல்லாவற்றையும் பார்க்கிறோம். வருஷக்கணக்கில் எரிந்து எரிந்து அது ஓய்ந்துபோகும். முதலில் மங்கும், பிறகு பழுப்படிக்கும், ஒரு நாள் பட்டென்று நின்றுவிடும்.

பெரும்பாலான இடங்களில் "டிஸ்ப்ளே மாத்தணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். முழு டிஸ்ப்ளே மாற்றுவது பத்து நிமிஷ வேலை. பட்டியை மட்டும் மாற்றுவது அரை நாள் வேலை. கை நடுங்கக் கூடாது, தும்மக் கூடாது, தூசு விழும் என்பதால் ஃபேனும் ஓடக் கூடாது. உத்திரமேரூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் அரை நாள் என்றால் யாருக்கும் மனசு வராது. எனக்கு வரும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் லைனில் நின்று செல்போன் பாகங்களைப் பூட்டியவள் நான். கடுகு சைஸ் ஸ்க்ரூவோடு பழகின கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் நான் எல்இடி பட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட, அதைக் கொண்டுவருகிறவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டது அதிகம். மங்கின திரையைத் தலை சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஜன்னலை மூடி, போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்த அவஸ்தை உங்களுக்கும் இருந்திருக்கும். அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

ஒரே பெஞ்சில் அண்ணன் தம்பி

பத்திரம் எழுதுகிற ஏகாம்பரம் அண்ணன் ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். திறந்தால் கறுப்பு. உள்ளே காற்றாடி ஓடுகிற சத்தம் கேட்கிறது, பட்டனில் விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. "போச்சு மேடம். உள்ள பாகப்பிரிவினைப் பத்திரம் கீது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதினொரு மணிக்கு டோக்கன். அண்ணனும் தம்பியும் பதினாலு வருசமா பேசாதவங்க. இன்னிக்குத்தான் ஒரே பெஞ்சுல குந்திக்கினு டீ குடிக்கறாங்க. நாளைக்கு வாங்கன்னு சொன்னா ரெண்டு பேரும் ரெண்டு பஸ் ஏறிடுவாங்க," என்றார்.

டார்ச்சை அடித்தேன். திரையின் ஆழத்தில், குளத்தடியில் கிடக்கிற காசு மாதிரி, 'வடக்கே பொதுக் கிணற்றுக்கு' என்று ஒரு வரி தெரிந்தது. அவர் குனிந்து பார்த்து, வாய்விட்டுப் படித்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பட்டி மாற்ற அப்போது நேரமில்லை. என் கடை மானிட்டரை அவருடைய லேப்டாப்போடு கேபிள் போட்டு இணைத்ததும், பத்திரம் முழுசாக அந்தப் பெரிய திரையில் வந்து நின்றது. பென் டிரைவில் ஏற்றி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு பத்தே காலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

மதியம் திரும்பி வந்து லேப்டாப்பை நிதானமாகச் சரிசெய்யச் சொல்லி என் மேஜையில் வைத்தார். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டேன். ரெண்டு பேரும் போட்டுவிட்டார்கள், சாட்சிக் கையெழுத்தும் முடிந்துவிட்டது, ஒரே ஆட்டோவில் ஊருக்குப் போகிறார்கள் என்றார். நீங்கள் பேசிப் பேசிச் சேர்த்துவைத்தது பெரிய விஷயம் அண்ணே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சேத்து வெக்கறது பெருசு இல்ல மேடம். அவங்க மறுபடியும் யோசிக்கறதுக்குள்ள நீங்க லைட்டு அடிச்சீங்க பாருங்க, அதான் பெருசு."

மெக்கானிக் எப்ப வருவாரு?

நெல் அறுக்கிற மிஷின் வாடகைக்கு விடுகிற ஒருவர், ஐம்பது வயசிருக்கும், வெள்ளை வேட்டி, லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த ஊர் வயலுக்கு எந்த நாள் மிஷின் போகிறது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறதாம். திரை பாதி மங்கி, கீழ்ப்பக்கத்தில் நாடக மேடை விளக்கு மாதிரி விட்டு விட்டு எரிந்தது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்ததும் பதறினார். "ஏம்மா, அவரு வர்றதுக்குள்ள நீ கைய வெச்சிடாத."

யார் வருவதற்குள் என்று நான் கேட்கவில்லை. மெக்கானிக் எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபேனை நிறுத்தினேன். சுற்றுச் சட்டத்தை நெம்பி எடுத்து, டிஸ்ப்ளேயைக் கழற்றி, முகம் கீழாக வைத்து, ஓரத்து டேப்பை உரித்தேன். பின்பக்கம் அப்பளம் மாதிரி மெல்லிசாக நாலு தாள் இருக்கும். ஒன்று வெளிச்சத்தைப் பரப்பும், ஒன்று கூட்டும், ஒன்று நேராக்கும். எடுத்த வரிசை மாறாமல், விரல் ரேகை படாமல் அடுக்கிவைத்து, பழைய பட்டியை உருவி, புதுசைச் செருகி, இரண்டு இடத்தில் பற்றவைத்தேன். அவர் வாசலைப் பார்ப்பதை நிறுத்தி நாற்காலியை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கட்டத்தில் என் நெற்றி வியர்வை தாள்மேல் விழப் போகிறதென்று அவரே தன் துண்டை நீட்டினார். திரை பளிச்சென்று எரிந்தபோது அவர் முகமெல்லாம் நீல வெளிச்சம். துண்டைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "அப்போ அவரு வரவே வேணாம்னு சொல்லிடும்மா."

மயக்கம் போடுகிற லேப்டாப்

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற மையம் வைத்திருக்கிறவர் மல்லிகா அக்கா. அவருடைய லேப்டாப்பில் தட்டச்சு செய்யும்போது திடீரென்று திரை அணைந்துவிடும். கையை எடுத்தால் எழுந்துவிடும். வேறொரு ஊரில் காட்டி டிஸ்ப்ளேயையே மாற்றிவிட்டார்கள், அப்போதும் தீரவில்லை. என்னிடம் வந்தது. இரண்டு நாள் நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை. போனில் சொன்னேன். வந்து வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமே திரும்பி வந்தார். "உன் கையில நல்ல பிள்ளையா கீது, என்கிட்ட வந்தா விழுந்துடுது," என்றார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. என் எதிரிலேயே உட்கார்ந்து தட்டுங்கள் என்றேன். ஒரு வரி தட்டினார், அணைந்தது. கையைத் தூக்கினார், வந்தது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். இடது மணிக்கட்டில் செம்பு வளையல். அதில் குண்டு குண்டாக நாலு காந்தம். ரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று யாரோ சொல்லிப் போட்டிருக்கிறார். லேப்டாப்பை மூடினால் திரை தானாக அணைய வேண்டுமல்லவா? அதற்காக மூடியில் ஒரு காந்தமும், கை வைக்கிற இடத்தில் அதை மோப்பம் பிடிக்கிற சிறு பொருளும் வைத்திருப்பார்கள். வளையல் கிட்டே வந்ததும், மூடி சாத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அது தூங்கிவிடுகிறது. வளையலைக் கழற்றிவைத்துத் தட்டச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்கத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அக்கா வளையலையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ரத்தக் கொதிப்பு எனக்கு. மயக்கம் மட்டும் இதுக்கா?"

வெளிச்சத்தின் தொல்லை

வீட்டில் டியூஷன் எடுக்கிற ஒரு அம்மாவுக்குப் பட்டி மாற்றிக் கொடுத்தேன். ஆறு வருஷமாக மங்கலிலேயே பழகினவர். திறந்து காட்டியதும் முகம் மலரும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் குனிந்து, கீபோர்டை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரை பார்த்தார். "இவ்ளோ வெளிச்சம் வெச்சா இதுல கீற அழுக்கெல்லாம் தெரியுதே. அதையும் தொடச்சுக் குடுத்துடு."

பூச்சி பாடம்

கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் தன் சொந்த லேப்டாப்பில் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து பார்க்கும். அறுப்புக் காலத்தில் விளக்கைச் சுற்றி வருகிற சின்னப் பச்சைப் பூச்சி உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று எப்படியோ சட்டத்தின் இடுக்கில் புகுந்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் போய்விட்டது. திரையில் கறுப்புப் புள்ளியாக ஊர்ந்தது. அவர் சூரிய குடும்பம் பாடம் நடத்தினால் பூச்சி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் நடக்கும். இந்திய வரைபடம் போட்டால் குஜராத்தில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் ஒடிசா போய்விடும். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு, இன்றைக்கு எந்த மாநிலம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. பூச்சி நிற்கிற மாநிலத்தின் தலைநகரத்தைச் சொல்லச் சொல்வாராம். ஒரு வாரத்தில் பிள்ளைகள் மேற்கிலிருந்து கிழக்குவரை கடகடவென்று ஒப்பித்தார்கள். பிறகு பூச்சி மத்தியப் பிரதேசத்திலேயே நின்றுவிட்டது.

அதே சமயத்தில் அவருடைய பட்டியும் மங்கிப்போகவே என்னிடம் கொண்டுவந்தார். தாள்களைப் பிரித்தபோது பூச்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டேன். புதுப் பட்டியோடு திரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஆசிரியர் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனார். மறுநாள் இடைவேளை நேரத்தில் போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "மேடம், நீங்க தொறந்ததும் பூச்சி பறந்து போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். சனிக்கெழம நாலஞ்சு பேர் உங்க கடைக்கு வந்து கேப்பாங்க. நீங்களும் அதையே சொல்லிடுங்க."

வந்தார்கள். சொன்னேன். எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்டார்கள். கிழக்கே என்றேன். அவர்களில் ஒரு பெண் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு சொன்னாள். "நான் சொல்லல? அது ஒடிசாதான் போவும்."

இரண்டு கையும் வேண்டும்

திருமுக்கூடலிலிருந்து வந்த சுமதிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். லேப்டாப்பை வைத்துவிட்டு, செல்போனில் தட்டி என்னிடம் நீட்டினார். 'ஸ்கிரீன் இருட்டு. மூணு நாள் ஆச்சு. இன்னைக்கே வேணும்.' நான் வழக்கம்போல டார்ச் அடித்துக் காட்டி, படம் தெரிகிறது, பயமில்லை என்று சைகையில் சொல்லப் பார்த்தேன். அவர் தெரியும் என்பதுபோலத் தலையாட்டி மறுபடி தட்டினார். கணவருக்கும் காது கேட்காது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தினமும் சாயங்காலம் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். போன் போதாதா என்று நான் தட்டிக் கேட்டேன். 'போன்ல மூஞ்சி தெரிஞ்சா கை தெரியாது. கை தெரிஞ்சா மூஞ்சி தெரியாது. மூஞ்சி இல்லாம கைய மட்டும் பாத்தா, கோவமா விளையாட்டான்னு தெரியாது.' முதல் நாள் டார்ச் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார். டார்ச்சைப் பிடித்தால் கணவர் பேசுவது தெரிகிறது, ஆனால் பதில் சொல்ல இவருக்கு ஒரு கைதான் மிச்சம். ஒரு கையால் பேசினால் பாதி வார்த்தைதான் வருமாம்.

அன்றைக்கு எனக்கு வேறு இரண்டு வேலை இருந்தது. இரண்டையும் ஓரமாக வைத்தேன். அவருடைய டிஸ்ப்ளே சைஸுக்குச் சரியான பட்டி கையில் இல்லை. நீளம் கூடுதலான ஒன்று இருந்தது. மூன்று மூன்று விளக்காகத்தான் வெட்டலாம், இடம் தவறினால் ஒரு பகுதி எரியாது. அளந்து, இன்னொரு தடவை அளந்து, வெட்டினேன். சுமதி எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. நான் அடுத்து எந்தக் கருவியைத் தேடுகிறேன் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், எடுத்து நீட்டுவார்.

நாலு மணிக்குத் திரை எரிந்தது. வீட்டுக்குப் போகிறவரை பொறுக்காமல் என் கடை இணைப்பிலேயே கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒரு ஒல்லியான மனிதர், கழுத்தில் அளவு நாடா, தெரிந்ததுமே இரண்டு கையும் படபடவென்று பறந்தன. சுமதி சிரிக்க ஆரம்பித்தார். பதிலுக்கு இவர் கைகள் அதைவிட வேகமாகப் பறந்தன. கடையில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கூட என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று நான் ஜாடையில் கேட்டேன். சுமதி ஒரு கையால் அவரை நிறுத்திவைத்து, இன்னொரு கையால் போனில் தட்டி என்னிடம் காட்டினார். 'லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு மூணு நாளா மெசேஜ் போட்டேன். ம்னு மட்டும் அனுப்பினாரு. இப்ப ஏன் பேசலன்னு கத்துறாரு.'

என் கையால் போனது

இதுவரை படித்தவர்களுக்கு என் கை தவறே செய்யாது என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஒரு நினைப்பு இருந்தது. புள்ளலூரிலிருந்து ஒரு பெண், பெயர் தமிழரசி, அப்பாவோடு வந்தாள். அப்பா டிராக்டர் வைத்து உழுகிறவர். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். பிளஸ் டூ முடித்த வருஷத்திலிருந்து வைத்திருக்கிற லேப்டாப், விளக்கு போய்விட்டது. "சாயங்காலம் வாங்க, தந்துடறேன்" என்று மேஜையில் தட்டிச் சொன்னேன். அதே மாடல் நாற்பது பிரித்திருப்பேன். அந்த தைரியத்தில், பழைய டேப் இறுகியிருக்கிறதே, கொஞ்சம் சூடு காட்டி இளக்குவோம் என்று நினைக்காமல், நகத்தால் இழுத்துவிட்டேன். கண்ணாடியோடு ஒட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று, சருகு கிழிகிற சத்தத்தோடு கிழிந்தது. புதுப் பட்டியை மாட்டிப் பார்த்தால் விளக்கு ஜோராக எரிகிறது, திரை முழுக்க நெட்டுக்குத்தாகக் கோடு. விளக்கு மட்டும் போயிருந்த டிஸ்ப்ளே, என் கையால் மொத்தமாகப் போயிற்று.

தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஏற்கனவே உள்ளே கெட்டிருந்தது என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்ததை மறைக்கப்போவதில்லை, ஆனால் விழுங்கிவிட்டேன். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போன் போட்டேன், அந்த சைஸ் டிஸ்ப்ளே அன்றைக்கு எங்கேயும் இல்லை. கடைசியில் என் சொந்த லேப்டாப்பைப் பார்த்தேன். அதே பதினாலு இஞ்ச், அதே முப்பது பின் இணைப்பு. கழற்றி அவளுடையதில் மாட்டினேன். பொருந்திக்கொண்டது. சாயங்காலம் இருவரும் வந்ததும், எரிகிற திரையைக் காட்டுவதற்கு முன்னால், கிழிந்த டிஸ்ப்ளேயை எடுத்து வைத்து நடந்ததைச் சொன்னேன். உங்களுடையதை நான் உடைத்துவிட்டேன், இது என்னுடையது, பழையதுதான் ஆனால் நன்றாக இருக்கிறது, நாளைக்குப் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். தமிழரசியின் முகம் வெளுத்து, பிறகு திரையைத் தொட்டுப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தது. அப்பா லேப்டாப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாததுதான் எனக்கு அன்றைக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் திரையால் அல்ல, அவர்களுக்கு முன் அனுபவம் உள்ள ஆள் வேண்டுமாம். அடுத்த மாதம் இன்னொரு நேர்காணல், அதே லேப்டாப், கிடைத்துவிட்டது. அதுவரைக்கும் நான் என்னுடைய தலையில்லாத லேப்டாப்பைக் கடை மானிட்டரில் சொருகித்தான் ஓட்டினேன். செய்தி சொல்ல அப்பா மட்டும் டிராக்டரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்தார். புது டிஸ்ப்ளே ஒன்று வாங்கி மாட்டித் தருகிறேன் என்று நான் ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "இருவது வருசமா வண்டி ஓட்டறேன். எந்த ஷெட்டுக்குப் போனாலும், இது முன்னாடியே போயிருந்துச்சுன்னுதான் சொல்வானுங்க. ஒடச்சத ஒடச்சேன்னு சொன்ன மெக்கானிக்க நான் இப்பத்தான் பாக்கறேன்."

மாம்பழமா எலுமிச்சையா

ராஜகுளத்தில் குமரேசன் என்பவர் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். கரையில் என்ன உருவம், உடம்பில் என்ன நிறம் என்று வரைந்து கொடுப்பார். அந்தப் படத்தைப் பார்த்து நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர் மனைவியின் அண்ணன் சண்முகம். இரண்டு பேரும் இருபது வருஷமாகச் சேர்ந்து தொழில் செய்தவர்கள். ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. குமரேசன் மாம்பழ மஞ்சள் கேட்டால் சண்முகம் எலுமிச்சை மஞ்சள் போட்டுவைக்கிறாராம். அரக்கு கேட்டால் வெளுத்த சிவப்பு வருகிறதாம். "நீ அனுப்பின படத்துல கீறதத்தான் போட்டேன்" என்று அவர் சொல்ல, "உனக்குக் கண்ணு போச்சு, இனிமே நீ சாயத் தொட்டிகிட்ட போகாத" என்று இவர் சொல்ல, அதோடு முடிந்தது. குமரேசன் வேறு ஆளிடம் கொடுத்தார், அங்கேயும் அதே எலுமிச்சைதான் வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர் குமரேசனின் மனைவி தனம். அண்ணன் வீட்டுப் பெண்ணின் சடங்குக்குக்கூடப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. திரை மங்கலாக இருக்கிறதென்றுதான் குமரேசனும் தனமும் லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. பட்டி கெட்டுப் பழுப்பேறி, வெள்ளைப் பக்கம் டீ சிந்தின துணி மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறின பழுப்பு, தினம் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. பட்டியை மாற்றி முடித்து, அவருடைய டிசைன் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தார். "இது நான் போட்டது இல்ல," என்றார். தேதியைப் பார்த்தார். அவர் போட்டதுதான். மாம்பழ மஞ்சள் என்று பெயர் வைத்திருந்த புடவை, பச்சை எலுமிச்சையாக இருந்தது. அடுத்ததைத் திறந்தார், அரக்கு வெளுத்திருந்தது. மங்கிப் பழுத்த திரை நிறத்தை அதுவாகவே அழுத்திக் காட்டியிருக்கிறது, இவர் அதற்கேற்ற மாதிரி குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறார். சண்முகத்தின் போனில் தெரிந்த நிறம்தான் நிஜம். ஆறு மாத டிசைனையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தார். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் குமரேசன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, உங்க அண்ணன் வூட்டுக்குப் போலாம்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, விரல் நகமெல்லாம் ஊதாச் சாயத்தோடு ஒரு பெரியவர் என் கடைக்கு வந்தார். சண்முகம் என்று தானே சொல்லிக்கொண்டார். குமரேசன் வந்து வாசலில் நின்று, தப்பு என்னுதுதான் மச்சான் என்று சொன்னதாகவும், தனம் அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனதாகவும், மறுநாளே சாயம் போட நூல் வந்துவிட்டதாகவும் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். கழற்றின பழைய பட்டி இருக்கிறதா என்றார். குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "ஆறு மாசம் என்னை குருடன்னு சொல்லிக்கினு இருந்தான். இத வூட்டு வாசப்படிக்கு மேல மாட்டி வெக்கப் போறேன். அவன் வரும்போதெல்லாம் பாக்கணும்."

இத்தனை பேருக்கு விளக்கு மாற்றிக் கொடுத்தும், என் கடைப் போர்டில் எரிகிற ட்யூப் லைட் மூன்று மாதமாகச் சிமிட்டிக்கொண்டிருப்பதை மாற்ற எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.